திரும்பிப் போற தடம் சொல்றது

இணையத்தளம் ஒன்றில் ஒரு படிவத்தைத் தேடுகிறோம். இருக்கும் எண்டு நினைத்த தலைப்பை அழுத்துகிறோம், அங்கே இல்லை. பின்னுக்கு வந்து இன்னொன்றை அழுத்துகிறோம். நாங்கள் இதை அலைச்சல் எண்டுதான் சொல்லுவம். ஆனால் தளத்தைக் கட்டியவருக்கு அது ஒரு பாடம். அந்தப் பாடத்தைப் படிக்க ஆக்கள் பழகின கதையில் இரண்டு பேருக்கு இடமுண்டு.

முதலாமவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். அந்தக் காலத்துப் பல நூலகங்களில் வாசகர் அலுமாரிக்குக் கிட்டப் போகேலாது. பெயரை எழுதிக் குடுத்தால் ஊழியர் எடுத்து வருவார். ரங்கநாதன் வாசகரை உள்ளே விடச் சொன்னார். 1931இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நாலாவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. ஒழுங்கு வைத்திருப்பவருக்கு வசதியாக இருந்தால் காணாது, தேடி வருபவருக்குப் புரியவும் வேணும்.

எழுபது வருடம் கழித்து அதே கேள்வி கணினிக்கு வந்தது. சென்னை ஐஐடியில் படித்த ராமகிருஷ்ணன் ஸ்ரீகாந்த், யிங்ஹுய் யாங் என்பவரோடு சேர்ந்து 2001இல் ஹொங்கொங்கில் நடந்த உலகளாவிய வலை மாநாட்டில் ஒரு ஆய்வை வைத்தார். கருத்து எளிமையானது: ஒருவர் எந்தப் பக்கத்திலிருந்து திரும்புகிறாரோ, தேடிய பொருள் அங்கேதான் இருக்கும் எண்டு அவர் எதிர்பார்த்திருக்கிறார். அப்படியென்றால் அங்கேயும் ஒரு இணைப்பை வை.

இதில் ஒரு சிக்கல். பின்னுக்குப் போகும்போது பக்கம் எங்கட கருவியிலேயே சேமிப்பில் இருப்பதால், சேவையகப் பதிவில் அது விழாது. அதற்கு அவர்கள் கண்ட வழி: அடுத்தடுத்துப் பதிவான இரண்டு பக்கங்களுக்கு இடையில் இணைப்பே இல்லையென்றால், ஆள் திரும்பித்தான் போயிருக்க வேணும். தேடிக் கண்டடைந்த பக்கத்தை, அங்கே செலவான நேரத்தை வைத்துப் பிரித்தறியலாம்.

அக்கராயனில் இருந்து பார்த்தால் இது வெறும் தொழில்நுட்பக் கதையில்லை. 2008, 2009 இடப்பெயர்வில் வன்னிச் சனத்தில் கனபேர் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் தொலைத்தார்கள். பிரதி எடுக்கிற வழியை இப்ப போனில் தேடவேண்டியிருக்கு. தமிழை அழுத்தினாலும் பாதித் தலைப்பு ஆங்கிலத்தில் நிற்கிற தளங்கள் இருக்கு. ஒவ்வொரு பிழையான அழுத்தலும் டேட்டா காசு. கடைசியில் பஸ் ஏறிக் கிளிநொச்சிக்குப் போறதுதான் மிச்சம்.

அதனால் இந்த முறையிடம் எங்களுக்கு இரண்டு கேள்வி. அது எண்ணிக்கையைப் பார்க்கிற முறை. தமிழில் வருபவர்கள் கொஞ்சப் பேர் எண்டால், அவர்களின் தடம் பெரும்பான்மையின் தடத்துக்குள் மறைந்துபோகும். மொழிவாரியாகப் பிரித்து எண்ணினால்தான் எங்கட அலைச்சல் தெரியும். தேடிக் களைத்து இடையிலேயே விட்டவர் கண்டடைந்த பக்கம் எண்டு ஒன்றுமில்லை. அவரை இந்தக் கணக்கு பிடிக்காது. பக்கத்தில் இருந்து கேட்டுத்தான் அறியவேணும்.

மற்றது, தடம் பார்க்கப்படுவது எண்டால் என்ன எண்டு வன்னிக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. பாதையைத் திருத்த, எத்தனை பேர் எங்கே திரும்பினார்கள் எண்டு தெரிந்தால் போதும். திரும்பினது ஆர் எண்டு தெரியத் தேவையில்லை.

ரங்கநாதன் அலுமாரியைத் திறந்துவிட்டது வாசகரை நம்பித்தான். தளம் கட்டுறவையும் அதே நம்பிக்கையில் தொடங்கலாம்: ஒருவர் வழி தவறினால், முதலில் வழியைச் சந்தேகப்படு.