92ஆம் தெருவில் ஒரு மைக்



நியூ ஜெர்சியில் இருக்கும் நம் பள்ளியின் பழைய மாணவி ஒருத்தி போன வாரம் ஒரு கட்டடத்தின் படத்தை அனுப்பி, "சார், நீங்க வகுப்புல சொல்வீங்களே, அந்த இடம் இதுதானே?" என்று கேட்டிருந்தாள். இதேதான். நியூயார்க்கில் லெக்சிங்டன் அவென்யூவும் 92ஆம் தெருவும் சந்திக்கிற முனை. நான் நேரில் பார்த்ததில்லை. பார்த்தவன் மாதிரி பல வருஷம் பாடம் மட்டும் நடத்தியிருக்கிறேன்!

1874இல் யூத இளைஞர்களுக்காகத் தொடங்கிய சங்கம் அது. 1930 வாக்கில் இந்த முனையில் பெரிய கட்டடம் எழுந்தது. நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், அதோடு ஓர் அரங்கம். ஒரு பக்கம் பையன்கள் ஈரத்துண்டோடு ஓடுவார்கள். மறுபக்கம் கச்சேரி நடக்கும். வில்லியம் கொலோட்னி என்ற கல்வியாளர் 1934இல் அங்கே பொறுப்புக்கு வந்தார். 1939இல் அந்த அரங்கத்தை நம்பி ஒரு கவிதை மையம் ஆரம்பித்தார். எழுத்தாளரை வரவழைத்து அவர் வாயாலேயே படிக்கச் சொல்லிக் கேட்பது, அவ்வளவுதான் ஏற்பாடு. பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய காரியத்தைப் பேட்டைச் சங்கம் ஒன்று செய்தது என்பதில் வாத்தியாரான எனக்கு ஒரு தனி சந்தோஷம். இன்றும் அங்கே எழுத்தாளர்களை உட்கார வைத்து உரையாடுகிறார்கள்.

ஆனால் நான் வகுப்பில் சொன்ன கதை டிலன் தாமஸ் கதை. வேல்ஸ் நாட்டுக் கவிஞர். 1950 பிப்ரவரியில் அமெரிக்காவில் முதல்முதலாக அவர் கவிதை படித்தது இந்த மேடையில்தான். குடி அதிகம், கடன் அதிகம். குரலோ கோயில் மணி.

1952 ஜனவரியில் மறுபடி வந்தபோது, கல்லூரிப் படிப்பை முடித்த இரண்டு பெண்கள் கூட்டத்தில் இருந்தார்கள். இருவருக்கும் வயது 22. பேரம் பேசுகிற கெட்டிக்காரத்தனம் ஒன்றும் கிடையாது. அவர் குரலை இசைத்தட்டாகப் போடவேண்டும் என்று ஒரு சீட்டு எழுதி உள்ளே அனுப்பினார்கள். அடுத்த மாதமே பதிவு நடந்தது. காட்மன் என்ற கம்பெனி இப்படிப் பிறந்ததுதான். பேச்சையும் கவிதையையும் தட்டில் விற்கலாம் என்று காட்டியவர்கள் அவர்கள்.

1953 மே 14. அவருடைய 'அண்டர் மில்க் வுட்' என்ற குரல் நாடகம், நடிகர்களோடு முதல்முறையாக அதே அரங்கில். நாடகமோ முடிந்தபாடில்லை. மையத்தில் பொறுப்பிலிருந்த லிஸ் ரைட்டல் என்ற பெண்மணி அவரை அறையில் அடைத்து எழுத வைத்தார். (என் நோட்டுத் திருத்தும் முறையும் கிட்டத்தட்ட அதுதான், நினைவிருக்கிறதா?) கடைசிப் பக்கங்கள் நடிகர்கள் கைக்கு வந்தது திரை ஏறுவதற்குக் கொஞ்ச நேரம் முன்பு. தாமஸும் ஐந்து நடிகர்களும் படித்தார்கள். யாரோ மேடைத் தரையில் ஒரே ஒரு மைக்கை வைத்தார்கள்.

அந்த நவம்பர் 9ஆம் தேதி, அதே நியூயார்க்கில் தாமஸ் இறந்துபோனார். வயது 39. பி.பி.சி. அந்த நாடகத்தை ஒலிபரப்பியது அதற்கடுத்த ஜனவரியில். அதில் அவர் குரல் இல்லை. முழு நாடகத்தையும் அவர் குரலோடு கேட்க இன்று நமக்கு இருப்பது, தரையில் வைத்த அந்த மைக் பிடித்தது. அதைத்தான் காட்மன் பிறகு தட்டாக வெளியிட்டது.

இதைச் சொல்லும்போதெல்லாம் ஒரு விஷயத்தை உங்களிடம் மறைத்தே வந்திருக்கிறேன். எண்பதுகளின் கடைசியில் நம் இலக்கிய மன்ற விழாவுக்கு ஓர் எழுத்தாளர் வந்தார். மேடைப் பேச்சு முடிந்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்துக்கும் மேலே உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். பள்ளியின் டேப்ரிக்கார்டர் என் பொறுப்பில்தான் இருந்தது. கையில் ஒரே ஒரு வெற்றுக் கேசட். மறுநாள் நடனத்துக்குப் பாட்டு எடுக்கவேண்டுமே என்று அதை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். யார் சொல்லியும் இல்லை, நானாகத்தான். அந்த எழுத்தாளர் இப்போது இல்லை. நடனம் எந்தப் பாட்டுக்கு என்பதுகூட நினைவில்லை.

ஏன் எழுதுவதை விட்டுவிடவில்லை என்று ஒரு பையன் கேட்டதும், அவர் சிரித்ததும் ஞாபகம் இருக்கிறது. சொன்ன பதில் இல்லை. அன்று மரத்தடியில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நோட்டில் எழுதி வைத்திருந்தாலும் சரி, அரைகுறையாக ஞாபகம் இருந்தாலும் சரி, கீழே எழுதுங்கள். கேள்வி கேட்ட பையன் நீயாக இருந்தால், எனக்கு ஒரு போன் போடு.