ருசுப்படுத்தும் பாரம் யாருடையது? நலவுதவி மோசடியும் தானியங்கி விசாரணையும்

சர்க்கார் தன் கருவூலத்திலிருந்து வறியவர்க்கு வழங்கும் பணம் தகுதியற்றவர் கையிற் சேராமற் காத்தல் எந்த நிர்வாகத்துக்கும் உரிய கடமையே என்பதையும், அக்கடமைக்குக் கணிப்பொறியின் துணையைக் கொள்வது தன்னளவிற் குற்றமாகாது என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொண்டு இவ்வாராய்ச்சியைத் தொடங்குவது முறை. ஆனால் இவ்வகை ஏற்பாடுகளைப் பற்றிய விவாதமெல்லாம், யந்திரம் நூற்றுக்கு எத்தனை முறை சரியாகச் சொல்கிறது என்ற ஒரே வினாவைச் சுற்றிக்கொண்டிருப்பது துரதிருஷ்டமே. ஆஸ்திரேலியாவில் 2015 முதல் 2019 வரை நடைபெற்று, மக்கள் வாக்கில் ‘ரோபோடெட்’ என்று பெயர் பெற்ற கடன் வசூல் திட்டத்தின் வரலாற்றை ஊன்றிப் பயில்வோர்க்கு, கணக்குப் பிழையினும் பெரிய அபாயம் ஒன்று புலப்படும். கடன் உண்டென்று வாதிப்பவரே அதனை ருசுப்படுத்த வேண்டும் என்னும் பழைய நியாயம், பாராளுமன்றம் சட்டத்தில் ஒரு சொல்லையும் மாற்றாதிருக்கையிலேயே, அலுவலக நடைமுறை ஒன்றினால் தலைகீழாயிற்று.

அத்திட்டத்தின் கணிதம் பள்ளிப் பிள்ளையும் அறிந்ததாகும். வேலையற்றோர்க்கும் மாணவர்க்கும் சென்டர்லிங்க் என்னும் நிறுவனம் தரும் உதவித்தொகை, பதினான்கு நாட்களுக்கு ஒரு முறை, அந்தப் பதினான்கு நாட்களில் அவரவர் ஈட்டிய வருமானத்தை அனுசரித்து நிர்ணயிக்கப்படுவது. வருமான வரி அலுவலகத்திடம் இருப்பதோ முதலாளிகள் தெரிவிக்கும் ஆண்டு வருமானம். இந்த ஆண்டுத் தொகையை இருபத்தாறால் வகுத்து, கிடைத்த ஈவையே ஒவ்வோர் இருவாரத்தின் வருமானமாகப் பாவித்தது கணிப்பொறி. ஒரு மாணவர் விடுமுறையிலும் அதற்கு முன்னும் பின்னுமாகப் பதின்மூன்று இருவாரங்கள் உழைத்து, இருவாரத்துக்கு 2,000 டாலராக 26,000 டாலர் ஈட்டி, எஞ்சிய பதின்மூன்று இருவாரங்களில் கையில் காசின்றி உதவித்தொகை பெற்றார் எனக் கொள்வோம். அவர் ஒளித்தது ஏதுமில்லை; ஆயினும் வகுத்த கணக்கின்படி, உதவி பெற்ற ஒவ்வோர் இருவாரத்திலும் அவர் 1,000 டாலர் ஈட்டியவராகிறார், ஆகவே பெற்ற உதவியிற் பெரும்பகுதியைத் திருப்பித் தர வேண்டிய கடனாளியுமாகிறார். ஆண்டு முழுவதும் ஒரே சீரான சம்பளம் வாங்குவோர்க்கு மட்டுமே பொருந்தக்கூடிய ஒரு சராசரியை, நிலையான வேலையில்லை என்ற காரணத்தாலேயே உதவி நாடி வந்தவர்கள்மீது பிரயோகித்தமை விசித்திரமானது.

வரி விவரத்தையும் உதவித்தொகை விவரத்தையும் ஒப்பிடும் வழக்கம் அந்நாட்டில் புதிதன்று. முன்னர் அவ்வொப்பீடு ஓர் ஐயத்தை மட்டுமே எழுப்பும். அலுவலர் ஒருவர் கோப்பை எடுத்துப் பார்த்து, வேண்டுமாயின் முதலாளியிடமே சம்பள விவரம் கேட்டு, பிறகே முடிவுக்கு வருவார். அவ்வுழைப்பு மெதுவானது, செலவு மிக்கது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 20,000 விவகாரங்களுக்குமேல் கையாள இயலாதது. அந்த மந்தகதியே ஒரு தடுப்பாகவும் இருந்தது என்பது அதை நீக்கிய பின்னரே பலருக்கு விளங்கிற்று. 2016ஆம் ஆண்டில் முழுத் தானியங்கி முறை வந்தபோது அதே அளவு கடிதங்கள் ஒரு வாரத்திலேயே புறப்படலாயின. பல ஆண்டுகளுக்கு முந்திய சம்பளச் சீட்டுகளைக் கொண்டுவந்து காட்டுமாறு பிரஜைகள் பணிக்கப்பட்டார்கள். சீட்டுகளை ஆறு மாதம் வைத்திருந்தால் போதும் என்று முன்னர் அறிவுறுத்தியிருந்ததும் அந்நிறுவனமே. தொடக்கத்தில் அனுப்பிய கடிதங்களில் இவ்விவகாரத்துக்குரிய தொலைபேசி எண்கூட அச்சாகவில்லை. விடை எழுதாதவர் கணக்கில் சராசரியே உண்மையாக ஏறியது. அதன்மேல் நூற்றுக்குப் பத்து அபராதமும் பலருக்கு ஏறியது. பின்னர் தனியார் வசூல்காரர்கள் வந்தார்கள்.

சட்டம் இதனை அனுமதித்ததா என்பதே இங்கு மிகக் கவனிக்கத்தக்கது. வருமானத்தை இவ்வாறு சராசரியாக்குவது சட்டத்துக்கு இசையாது என்னும் அபிப்பிராயம், திட்டம் உருவாகுமுன் 2014ஆம் ஆண்டிலேயே சமூக சேவைத் துறையின் சொந்த வழக்கறிஞர்களால் எழுத்தில் தரப்பட்டிருந்தது. 2017இல், நிர்வாக மேல்முறையீட்டு நடுவத்தின் உறுப்பினராயிருந்த சட்டப் பேராசிரியர் டெரி கார்னி, சராசரி என்பது கடனுக்குப் பிரமாணமாகாது என்று தீர்ப்பளித்தார். சர்க்கார் அத்தீர்ப்பை எதிர்த்து மேலே செல்லவில்லை. பணிந்ததனால் அன்று, நடுவத்தின் முதற்படித் தீர்ப்புகள் அன்று பிரசுரிக்கப்படாதவை, மேலே சென்றிருந்தாலோ விவகாரம் பகிரங்கமாகியிருக்கும். ஆகவே வழக்குத் தொடுத்தவர் கடன் மட்டும் தீர்ந்தது. தொடுக்க வகையறியாத ஏனையோர்க்குக் கடிதங்கள் நிற்கவில்லை. கார்னியின் பதவிக் காலம் அவ்வாண்டு முடிந்தபோது நீட்டிக்கப்படவுமில்லை. இறுதியில், வரி அலுவலகத்திலிருந்து தமக்குத் திரும்ப வரவேண்டிய தொகை முழுவதும் பிடித்துக்கொள்ளப்பட்ட ஒரு பெண்மணி பெடரல் நீதிமன்றம் சென்றார். 2019 நவம்பரில், அவர்மீது சுமத்திய கடன் செல்லாதது என்பதைச் சர்க்காரே ஒப்புக்கொண்டது. பின்னர் வந்த கூட்டு வழக்கில் நீதிமன்றம் கண்ட கணக்கின்படி, ஏறத்தாழ 4,33,000 பேர்மீது 176 கோடி டாலர் கடன் முறையின்றி விதிக்கப்பட்டிருந்தது. அதில் 75 கோடி வசூலும் ஆகியிருந்தது. காதரீன் ஹோம்ஸ் தலைமையிலான ராயல் கமிஷன் 2023 ஜூலையில் தந்த அறிக்கை, இத்திட்டம் நியாயமும் அற்றது, சட்டமும் அற்றது என்று முடிவு கூறியது.

இத்தனையும் ஒரு மூடத்தனமான வகுத்தலின் விளைவு, இன்றைய கற்கும் யந்திரங்கள் இவ்வாறு தவறா என்பார் உளர். அவர்கள் நெதர்லாந்தைப் பார்க்க வேண்டும். அங்கே குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தோரைத் தரம் பிரித்தது வகுத்தல் அன்று. தானே கற்றுக்கொள்ளும் ஒரு மாதிரியே. டச்சுக் குடியுரிமை உடையவரா அல்லரா என்பதையும் அது அபாயக் குறியாகக் கொண்டது. அதன் ஐயத்துக்கு ஆளானவர்களின் கோப்புகளை மனிதர்களே பரிசீலித்தனர். எனினும் ஐயத்தின் காரணம் அவர்களுக்கும் சொல்லப்படவில்லை, ஒரு சிறு ஆவணம் குறைந்தாலும் ஆண்டு முழுவதற்குமான தொகை திருப்பிக் கேட்கப்பட்டது. பல்லாயிரம் குடும்பங்கள் கடனில் மூழ்கிய பின், 2021 ஜனவரியில் பிரதமர் மார்க் ருட்டவின் மந்திரிசபை ராஜினாமாச் செய்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் 2013 முதல் 2015 வரை வேலையின்மை உதவியை ஆராய்ந்த ‘மைடாஸ்’ என்னும் முறையோ, மனிதர் கைபடாமல் மோசடி என்று தீர்த்த சுமார் 22,000 விவகாரங்களில், பின்னர் மறுபரிசீலனை செய்தபோது, நூற்றுக்குத் தொண்ணூற்றுமூன்று பிழையெனக் கண்டது மாகாண நிர்வாகமே. கருவிகள் வெவ்வேறு, மூன்றிடத்தும் ஐயம் எழுப்பியவர் காரணங்காட்ட வேண்டியிராமல், ஐயத்துக்கு ஆளானவர் தம் நேர்மையை நிறுவ வேண்டியிருந்தது ஒன்றே.

மனித அலுவலரும் தவறுவார் என்ற மறுப்பு உண்மையே. ஆயினும் ஓர் அலுவலரின் தவறு அவர் மேசையோடு நிற்கும். அடுத்த மேசைக்காரர் வேறு விதமாக முடிவு செய்யவும் கூடும். ஒரு சூத்திரத்தின் தவறு ஒரே நாளில் நாடெங்கும் ஒரே வடிவில் பரவுகிறது. அதை எதிர்க்கும் வசதி, அதனால் மிகுதியும் தாக்குறுவோரிடம் மிகக் குறைவாக இருக்கிறது. ஆகவே கணிப்பொறி எழுப்பும் ஐயம் கோப்பைத் திறக்கும் காரணமாக மட்டும் நிற்க வேண்டும். கடன் கேட்டு ஓலை விடுமுன் அதற்கான ஆதாரத்தை ஓர் அதிகாரி தம் பெயரிட்டு ஒப்பமிட வேண்டும். ஆதாரத்தின் பிரதி கடிதத்தோடு செல்ல வேண்டும். நடுவம் ஒரு முறை செல்லாதென்ற கணக்கு அதே நிலையிலுள்ள அனைவர்க்கும் செல்லாததாக வேண்டும். செலவு கூடும் என்பர், கூடட்டும். அச்செலவைத் தவிர்க்கப் புகுந்த ஆஸ்திரேலியச் சர்க்கார், முதற் சமரசத்துக்குப் பின் 2025இல் மேலும் 47.5 கோடி டாலர் இழப்பீடு தர இசைந்திருக்கிறது.

ராயல் கமிஷனின் சிபாரிசுகளை 2023 நவம்பரில் அச்சர்க்கார் முழுமையாகவோ கொள்கையளவிலோ ஏற்றுக்கொண்டது. மந்திரிசபைப் பத்திரங்களுக்குத் தகவல் உரிமைச் சட்டம் அளிக்கும் இரகசியப் பாதுகாப்பை நீக்க வேண்டும் என்று கமிஷன் தன் அறிக்கையின் முடிவில் எழுதிய கருத்தை மட்டும் அது ஏற்கவில்லை.