முதல் கிட்டாரைத் தேர்ந்தெடுத்த டாலர் பஞ்சம்

"முதல் கிட்டார் எது வாங்கலாம்?" என்று யாராவது கேட்டால் உடனே ஒரு பதில் வரும்: "ஏதாவது மலிவா வாங்குப்பா. பீட்டில்ஸ்காரங்களே ஓட்டைக் கிட்டார்லதான் ஆரம்பிச்சாங்க." இதில் முதல் பாதி ஆலோசனை, இரண்டாம் பாதி வரலாறு. வரலாறு சரிதான். அதிலிருந்து இந்த ஆலோசனை வருமா என்பதுதான் கேள்வி.

1950களின் பிரிட்டனுக்குப் போவோம். போர் முடிந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. கஜானாவில் டாலர் இல்லை. டாலரை மிச்சப்படுத்த அரசாங்கம் பல இறக்குமதிகளுக்குக் கடிவாளம் போட்டது. அமெரிக்க இசைக்கருவிகளும் அதில் சிக்கின. 1951 முதல் 1959 வரை கிப்சன், ஃபெண்டர் எல்லாம் பிரிட்டிஷ் பையன்களுக்கு இசைத்தட்டு உறையில் பார்க்கிற பொருள்தான்.

இந்தத் தடைக்கு நடுவில்தான் ஆசை வெடித்தது. 1956 தொடக்கத்தில் லோனி டோனெகனின் 'ராக் ஐலண்ட் லைன்' பிரிட்டனில் ஹிட் ஆனது. அதன் பெயர் ஸ்கிஃபிள் இசை. ஒரு கிட்டார், துணி துவைக்கும் பலகை, தேயிலைப் பெட்டியில் கயிறு கட்டிய பேஸ். இவ்வளவுதான் ஒரு குழுவுக்குத் தேவை. மூன்று கார்டு தெரிந்தால் மேடை ஏறலாம். தெருவுக்குத் தெரு பையன்கள் கிட்டார் கேட்டு வீட்டில் நச்சரிக்க ஆரம்பித்தார்கள்.

கேட்பவர்கள் ஏராளம், அமெரிக்கச் சரக்கு வராது. அப்போது கடைக்கு என்ன வரும்? டாலர் இல்லாமல் வாங்கக்கூடியதுதான் வரும். லிவர்பூலின் மூன்று பையன்களுக்குக் கிடைத்ததைப் பாருங்கள்.

ஜார்ஜ் ஹாரிசனுக்கு நெதர்லாந்தில் செய்த எக்மண்ட். பள்ளித் தோழன் ஒருவனிடமிருந்து செகண்ட் ஹேண்டாக வாங்கியது. விலை 3 பவுண்ட் 10 ஷில்லிங், பணம் அம்மா கொடுத்தது.

ஜான் லெனனுக்குத் தென்னாப்பிரிக்காவில் செய்த காலோடோன் சாம்பியன். உள்ளே ஒட்டியிருந்த லேபிளில் 'விரிசல் விடாது' என்று உத்தரவாதம். நல்ல நாதம் வரும் என்று கம்பெனியே சொல்லவில்லை, உடையாது என்றுதான் சொன்னது!

பால் மெக்கார்ட்னிக்கு அப்பா வாங்கித் தந்தது டிரம்பெட். அதை வாயில் வைத்துக்கொண்டு பாட முடியாதே! கடையில் கொடுத்து ஜெர்மனியில் செய்த ஜெனித் கிட்டாராக மாற்றிக்கொண்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால் கைக்குச் சரியாக உட்காரவில்லை. அவர் இடதுகைக்காரர். கம்பிகளைக் கழற்றித் தலைகீழாக மாட்டிய பிறகுதான் வழிக்கு வந்தது.

நெதர்லாந்து, தென்னாப்பிரிக்கா, ஜெர்மனி. ஒன்றுகூட அமெரிக்கா இல்லை. இந்தப் பையன்களின் ரசனை கிட்டாரைத் தேர்ந்தெடுக்கவில்லை, அந்நியச் செலாவணிதான் தேர்ந்தெடுத்தது. 1959இல் தடை நீங்கியது. அதே வருடம் கிளிஃப் ரிச்சர்ட், ஹாங்க் மார்வினுக்காக அமெரிக்காவிலிருந்து ஒரு சிவப்பு ஸ்ட்ராடோகாஸ்டர் வரவழைத்தார். பையன்கள் அதைப் பார்த்து வாய் பிளந்ததில் ஆச்சரியம் என்ன?

சரி, மட்டமான கிட்டார்தான் இவர்களை உருவாக்கியதா?

எக்மண்டின் கழுத்தை உடலோடு பிணைத்திருந்த ஸ்க்ரூவை ஹாரிசன் கழற்றிப் பார்த்தார். கழுத்து கையோடு வந்துவிட்டது. திரும்ப மாட்டத் தெரியாமல் அலமாரியில் போட்டுவிட்டார். பிறகு அண்ணன் பீட்டர் சரிசெய்து கொடுத்தார். லெனனுக்கு முதல் கார்டுகள் சொல்லிக் கொடுத்தவர் அம்மா ஜூலியா. அவருக்குத் தெரிந்தது பாஞ்சோ என்பதால் மகனும் பாஞ்சோ கார்டுகளையே கிட்டாரில் வாசித்தார். பி7 கார்டு தெரிந்த ஒருவர் ஊரின் மறுகோடியில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறிப் போய்க் கற்றுவந்த கதையை மெக்கார்ட்னியே பலமுறை சொல்லியிருக்கிறார்.

கருவி கைவிட்ட இடத்திலெல்லாம் ஒரு மனுஷன் நின்றிருக்கிறார். அண்ணன், அம்மா, பஸ் ரூட்டின் கடைசியில் யாரோ ஒருவர். ஒருவேளை அந்த அண்ணன் இல்லாவிட்டால்? எக்மண்ட் அலமாரியிலேயே கிடந்திருக்கலாம். அப்படி அலமாரியில் தங்கிப்போன கிட்டார்களின் கதையை யாரும் எழுதுவதில்லை. டேட்டா படிக்கிறவர்கள் இதைத் தப்பிப் பிழைத்தவர் சார்பு என்பார்கள். ஜெயித்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு, 'மட்டமான கிட்டார் போதும்' என்று முடிவு கட்டுகிறோம்.

இன்றைக்கு நம் கடைகளில் அந்தத் தடை இல்லை. ஆகவே விலை குறைவாகப் பாருங்கள், ஆனால் சோதித்துப் பாருங்கள். நான்கு விஷயம் போதும்.

ஒன்று, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடித்த கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளி. ஸ்டீல் கம்பி கிட்டாரில் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. நான்கைத் தொட்டால் விரல்தான் அழும். இரண்டு, கம்பியைச் சும்மா மீட்டுங்கள், பிறகு பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். அதே சுரம் மேல் ஸ்தாயியில் வர வேண்டும். பிசகினால் எவ்வளவு சுருதி சேர்த்தாலும் கார்டு கசக்கும். மூன்று, கழுத்தின் ஓரமாகக் கையை ஓட்டுங்கள், ஃப்ரெட் முனை குத்தக் கூடாது. நான்கு, மடியில் வைத்துப் பாருங்கள். மெக்கார்ட்னி வீட்டுக்குப் போய்க் கண்டுபிடித்ததை நீங்கள் கடையிலேயே கண்டுபிடிக்கலாம்.

1957 ஜூலை 6 அன்று வுல்டன் தேவாலயத் திருவிழாவில் லெனன் வாசித்தது அந்தக் காலோடோனைத்தான். அன்றுதான் மெக்கார்ட்னியை முதன்முதலில் சந்தித்தார். 1999இல் அந்தக் கிட்டார் ஏலத்தில் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. கிட்டாருக்காக யாரும் அவ்வளவு கொடுக்கவில்லை, அந்தச் சந்திப்புக்காகக் கொடுத்தார்கள். நீங்களும் கிட்டார் வாங்கினால், பி7 தெரிந்த ஒருவரையும் கையோடு தேடி வையுங்கள்.