மலைப்பாதை வாகனங்கள் – 9: வில்லிஸ் ஜீப்பும் அதை ஓட்டிய கைகளும்

சென்ற வாரம் ஒஸ்டின், மொரிஸ் கார்களைப் பார்த்தோம். பங்களாவில் இருந்து தரவளை கிளப்புக்கும் நுவரெலியா ஹில் கிளப்புக்கும் துரைமாரைக் கொண்டுபோன இங்கிலீஷ் கார்கள் அவை. தார் ரோட்டில் அழகாகவே ஓடின. தார் முடிந்து, கொழுந்து மலைக்குள் ஏறும் மண்பாதை தொடங்கும் இடத்தோடு அவற்றின் ஓட்டம் நின்றுவிடும். அதற்கு மேலே போனது வில்லிஸ் ஜீப். அதைச் செய்த அமெரிக்கக் கம்பனியின் பெயர் 1963இலேயே மறைந்துவிட்டது. வண்டி மட்டும் நம் மலைகளில் இன்னும் அங்கங்கே உயிரோடு இருக்கிறது.

வில்லிஸ் என்பது ஆளின் பெயர். ஜோன் நோர்த் வில்லிஸ், நியூயோர்க் மாநிலத்தில் கார் விற்றுக்கொண்டிருந்தவர். ஓவர்லேண்ட் என்ற கம்பனியின் கார்களுக்கு முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தார். 1907இல் அமெரிக்காவில் பணமுடை வந்து அந்தக் கம்பனி மூழ்கும் நிலைக்குப் போனது. பணம் போனால் போகட்டும் என்று விடாமல், நேரே போய்க் கம்பனியையே கையில் எடுத்தார். தொழிற்சாலையை ஒஹாயோ மாநிலத்தின் டொலிடோ நகருக்குக் கொண்டுபோனார். 1912இல் கம்பனி வில்லிஸ் ஓவர்லேண்ட் ஆனது. அந்த ஆண்டில் இருந்து 1918 வரை அமெரிக்காவில் ஃபோர்டுக்கு அடுத்தபடியாக அதிகக் கார் விற்றது இவர்கள்தான். பிறகு உலகப் பெருமந்தம். 1933இல் கம்பனி திவாலானது. 1935இல் வில்லிஸ் இறந்தார். போர் மட்டும் வந்திராவிட்டால் இந்தப் பெயரை நாம் கேள்விப்பட்டே இருக்க மாட்டோம்.

1940ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்க இராணுவம் 135 கம்பனிகளுக்கு அழைப்பு அனுப்பியது. எடை குறைந்த, நான்கு சக்கரமும் இழுக்கும் சிறிய வண்டி ஒன்று வேண்டும்; மாதிரி வண்டியை 49 நாளில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். பென்சில்வேனியாவில் பட்லர் என்ற ஊரில் இருந்த பேன்டம் என்னும் சிறிய கம்பனிக்குத்தான் அந்தத் துணிவு வந்தது. கார்ல் ப்ரொப்ஸ்ட் என்ற பொறியியலாளர் சில நாட்களிலேயே வரைபடம் போட்டுக் கொடுத்தார். செப்டெம்பர் 23ஆம் திகதி, தவணை முடிவதற்குச் சற்று முன்பு, வண்டி இராணுவ முகாமுக்குள் ஓடி வந்து நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தக் கதையில் என்னை உறுத்துவது. பேன்டம் சிறிய கம்பனி, இராணுவம் கேட்கும் அளவுக்குச் செய்து தர முடியாது என்று முடிவு கட்டி, அதன் வரைபடங்களை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் இராணுவமே காட்டியது. வில்லிஸிடம் ஒரு பெரிய பலம் இருந்தது. பார்னி ரூஸ் என்ற பொறியியலாளர் பழைய கார் எஞ்சின் ஒன்றைத் திருத்தித் திருத்தி 48 குதிரைவலுவில் இருந்து 60க்கு ஏற்றி வைத்திருந்தார். அந்த எஞ்சினால் வில்லிஸ் வென்றது. போர் முடிவதற்குள் வில்லிஸ் 3,60,000 வரையிலும், அதே வடிவில் ஃபோர்ட் 2,80,000 வரையிலும் ஜீப் செய்தன. பேன்டம் செய்தது மூவாயிரத்துக்கும் குறைவு. ஜீப்பை உருவாக்கியது தாங்களே என்று வில்லிஸ் விளம்பரம் செய்தது. அது தவறு என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 1948இல் தீர்ப்புச் சொல்லியும் 1950இல் ‘ஜீப்’ என்ற வணிகக்குறி வில்லிஸ் பெயருக்கே பதிவானது. வேலை ஒருவர், பெயர் இன்னொருவர். தோட்டத்தில் பிறந்த எவருக்கும் இது புதிய செய்தி அல்ல.

இலங்கைக்கு ஜீப் வந்தது போரோடுதான். 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. 1944இல் மவுண்ட்பேட்டன் தம் தென்கிழக்காசியத் தலைமையகத்தை டில்லியில் இருந்து பேராதனைப் பூங்காவுக்கு மாற்றினார். கண்டியைச் சுற்றி இராணுவ வண்டிகள் நிறைந்தன. போர் முடிந்ததும் உபரி ஜீப்புகள் விற்பனைக்கு வந்தன. 1945இல் இருந்து டொலிடோவில் பொதுமக்களுக்கான சி.ஜே. 2ஏ ஜீப்பும் வெளிவரத் தொடங்கியது. கண்டியில் இருந்து இறம்பொடை ஏற்றம் வழியாக நுவரெலியாவும், நாவலப்பிட்டி வழியாக ஹட்டனும் தொலைவில் இல்லை. ரயில் ஹட்டனுக்கு 1884இலும் நானுஓயாவுக்கு 1885இலுமே வந்துவிட்டது. ஆனால் ஸ்டேசனில் இருந்து ரோதை என்னும் தேயிலைத் தொழிற்சாலைக்கும், ரோதையில் இருந்து மேல் கணக்கு மலைக்கும் போகும் பாதைகளுக்கு அதுவரை சரியான வண்டி இல்லை. குதிரையும், பின்னர் மோட்டார் சைக்கிளும்தான் துரைமாரை அங்கே ஏற்றிச் சென்றன.

ஜீப் ஏன் அங்கே பொருந்தியது? முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 80 அங்குலம்தான். ஒரே வெட்டில் திரும்ப முடியாத கொண்டை ஊசி வளைவுகளில் அதன் அருமை தெரியும். கியர் கம்புக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு சிறிய கம்புகள் உண்டு. ஒன்று முன் சக்கரங்களை இழுவையில் சேர்க்கும். மற்றது வேகத்தைப் பாதியாக்கி இழுவையை இரட்டிப்பாக்கும். ஐப்பசி மழையில் சேறாகிப்போன ஏற்றத்தில், நடக்கிற வேகத்தில், சக்கரம் வழுக்காமல் வண்டி ஏறும். இத்தனைக்கும் 6,000 அடி உயரத்தில் காற்று மெலிந்துவிடுவதால் பெற்றோல் எஞ்சின் தன் வலுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழக்கிறது. டொலிடோவில் 60 குதிரைவலு என்றால் நுவரெலியாவில் 50 கூட இல்லை. அந்த ஐம்பதை வைத்துக்கொண்டு மலை ஏறியது கியரின் கெட்டித்தனமும் ஓட்டியவரின் கெட்டித்தனமும்.

வில்லிஸ் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அனுபவித்த சங்கடங்கள் பல. போர்க்கால ஜீப்பின் மின்சாரம் ஆறு வோல்ட். மார்கழி, தை மாதங்களில் நுவரெலியாவில் உறைபனி கொட்டும் விடியற்காலையில் பற்றரி முனகும், எஞ்சின் பிடிக்காது. முன்னால் கம்பி விட்டுச் சுழற்ற வேண்டும். சுழற்றுகிறவர் பெருவிரலைக் கம்பியைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது. எஞ்சின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு போய்விடும். பெற்றோல் தாங்கி ஓட்டுநரின் இருக்கைக்கு அடியில் இருந்தது. பெற்றோல் அடிக்க ட்ரைவர் இறங்கி, இருக்கையைத் தூக்க வேண்டும். முதல் கியரை ஓட்டத்தில் போட்டால் பற்கள் கடித்துக்கொள்ளும். ஏற்றத்தில் வேகம் செத்துக்கொண்டு வரும்போது, சத்தம் இல்லாமல் முதல் கியருக்கு இறக்கத் தெரிந்தவரே நல்ல ட்ரைவர். இறக்கத்தில் பிரேக்கை நம்பக் கூடாது. சூடேறினால் பிடிக்காது, கியரிலேயே இறக்க வேண்டும்.

வைப்பர் கதை தனி. பிந்திய வில்லிஸ் வண்டிகளில் வைப்பரை ஓட்டியது மின்சாரம் அல்ல, எஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுப்பு. மிதியை முழுதாக அமுக்கினால் அந்த இழுப்பு குறைந்துவிடும். ஏற்றத்தில் அமுக்காமல் முடியாது. ஆகவே மழையும் மூடுபனியும் கண்ணை மறைக்கும் அதே ஏற்றத்தில் வைப்பர் அசையாமல் நிற்கும். ட்ரைவர் ஒரு கணம் காலைத் தளர்த்துவார், வைப்பர் இரண்டு வீச்சு வீசும், மறுபடி அமுக்குவார். லபுக்கலையில் இருந்து நுவரெலியா வரைக்கும் இப்படி ஏறியவர்களின் காலுக்கும் கண்ணுக்கும் இருந்த ஒற்றுமையை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

போர்க்கால ஜீப்பின் ஸ்டியரிங் இடது பக்கம். நம் நாட்டில் வண்டி ஓடுவதும் இடது பக்கம். முன்னால் போகும் வண்டியைத் தாண்டும்போது எதிரே வரும் லொறியைப் பார்க்க முடியாது என்பது பெரிய தொல்லை. ஆனால் இடப்பக்கம் பள்ளமாக இருக்கும் ஒற்றைத் தடப் பாதையில், தன் சக்கரம் விளிம்பில் எங்கே நிற்கிறது என்று ட்ரைவர் தலையை வெளியே நீட்டிப் பார்க்கலாம். கதவுதான் கிடையாதே.

ஜீப்பை நாம் வெறும் பாசத்தோடு மட்டும் நினைக்க முடியாது. அது அதிகாரத்தின் வண்டியாகவும் இருந்தது. முன்பு துரை வந்து சேர அரை நாளாகும் தொங்கல் மலைக்கும் ஜீப் அரை மணியில் வந்தது. கீழ் வளைவில் சத்தம் கேட்டால் மலையில் பேச்சு நின்றுவிடும், கங்காணியின் குரல் உயரும். அதே ஜீப், துரைக்கு மனம் இருந்தால், பிரசவ வலி கண்ட பெண்ணை நடுச்சாமத்தில் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனது. மனம் இல்லாத இடங்களில் கொழுந்து லொறியும் கம்பளிச்சாக்குத் தூளியும்தான்.

ஓட்டியவர் பெரும்பாலும் நம் ஆள். லயத்தில் பிறந்து, லொறியில் கிளீனராகத் தொற்றிக்கொண்டு தொழில் கற்றவர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. அந்த ஆண்டுகளில் ஒரு தோட்டத்து ஜீப்பை எண்ணிப் பாருங்கள். வண்டிக்கு இந்த நாட்டில் பதிவு இருந்தது, இலக்கம் இருந்தது. அதை ஓட்டிக்கொண்டிருந்த மனிதருக்குக் குடியுரிமை இல்லை. அந்த இலக்கத் தகட்டிலேயும் பின்னர் தீ பற்றியது. வாகன இலக்கத்தில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்தைப் புகுத்தியதற்கு எதிரான கிளர்ச்சி 1958இல் மலையகத்துக்கும் வந்தது. பொகவந்தலாவையில் பொலிஸ் சுட்டதில் தோட்டத் தொழிலாளர் இருவர் உயிரிழந்தனர். மலையகத்தின் வாகன வரலாறு எழுதுகிறவர் அந்த இருவரையும் தாண்டிப் போகக் கூடாது. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப இரு அரசுகளும் இணங்கின. கப்பல் ஏறியவர்களில் ட்ரைவர்களும் மெக்கானிக்குகளும் இருந்தார்கள். அவர்களோடு ஒரு கைத்தொழில் அறிவும் கப்பல் ஏறியது.

இதற்கிடையே டொலிடோவில் வில்லிஸ் தேய்ந்துகொண்டிருந்தது. 1953இல் கைசர் கம்பனி அதை வாங்கியது. 1955இல் அமெரிக்காவில் வில்லிஸ் கார்கள் நின்றன. 1963இல் கம்பனிக்கு கைசர் ஜீப் என்று பெயர் மாற்றினார்கள். ஜீப் 1970இல் அமெரிக்கன் மோட்டார்ஸிடமும் 1987இல் கிரைஸ்லரிடமும் போனது. இங்கே மலையில் இருந்தவர்களுக்கு இந்த வியாபாரங்கள் எல்லாம் ஒரே ஒரு கேள்வியாகத்தான் வந்து சேர்ந்தன: பார்ட்ஸ் எங்கே கிடைக்கும்?

1970இல் இருந்து 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகிய காலம். புதிய சாமான் வருவது அரிது. அந்த ஏழு ஆண்டுகளில் வில்லிஸைக் காப்பாற்றியவர்கள் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா கராஜ்களில் இருந்த பாஸ்மார். தேய்ந்த புஷ்ஷுக்குப் பதில் கடைசலில் புதியது கடைந்தார்கள். கேஸ்கட்டைத் தாளில் வெட்டினார்கள். உடைந்த வில் பட்டையைப் பட்டறையில் காய்ச்சி அடித்தார்கள். வில்லிஸ் இதற்கெல்லாம் இடம் கொடுத்தது. ஒரு மனிதன் ஒரு பெட்டிச் சாவிகளோடு பாதையோரத்தில் கழற்றிப் பூட்டும்படி செய்யப்பட்ட வண்டி அது. பக்கத்து நாட்டில் மஹிந்திரா கம்பனி 1940களின் இறுதியில் இருந்தே பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டிவந்தது. தாய்க் கம்பனி மறைந்த பிறகும் அதே வடிவத்தைப் பல பத்தாண்டுகள் செய்தது. டொலிடோ மூடிய கதவைப் பம்பாய் திறந்து வைத்திருந்தது என்று சொன்னால் மிகையில்லை. 1977க்குப் பின் ஜப்பானிய டீசல் எஞ்சின்கள் வந்தபோது, பெற்றோல் குடித்த பழைய எஞ்சினை இறக்கிவிட்டு அவற்றை ஏற்றினார்கள்.

1975இல் கம்பனிகளின் பெருந்தோட்டங்கள் அரசுடைமை ஆயின. துரைமார் மாறினார்கள், வண்டிகள் கைமாறின. வில்லிஸின் இடத்தை ஏற்கனவே லேண்ட் ரோவர் பிடித்திருந்தது. அதுவும் வில்லிஸின் பிள்ளைதான். ரோவர் கம்பனியின் மோரிஸ் வில்க்ஸ் தம் பண்ணையில் ஓட்டிய உபரி ஜீப்பைப் பார்த்துத்தான் அதை உருவாக்கி, 1948இல் வெளியிட்டார்கள். அந்தக் கதை அடுத்த வாரம்.

இன்று வில்லிஸுக்கு மறுபடி மவுசு. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது பழைய வண்டி எதற்கும் விலை ஏறியது. வாங்குகிறவர்கள் டீசல் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு, அமெரிக்காவில் இருந்து பழைய பெற்றோல் எஞ்சினை வரவழைத்து, 1945இல் இருந்தபடியே ஆக்க விரும்புகிறார்கள். அவர்களுடைய ஆசை எனக்குப் புரிகிறது. ஆனாலும் மலையகத்து வில்லிஸை அப்படிக் கழுவித் துடைப்பது தவறு என்பதே என் கருத்து. ஒட்டவைத்த சட்டம், வலப்பக்கம் மாற்றிய ஸ்டியரிங், பட்டறையில் அடித்த வில் – இவைதான் அந்த வண்டி இங்கே வாழ்ந்ததற்குச் சான்று. டொலிடோவில் இருந்து வந்தபடி இருக்கும் ஜீப்பை உலகில் எங்கேயும் பார்க்கலாம். ஹட்டன் பாஸ் ஒருவர் திருத்திய ஜீப்பை ஹட்டனில் மட்டுமே பார்க்கலாம்.

நுவரெலியாவில் மகஸ்தோட்டை மலையேற்ற மோட்டார் பந்தயம் 1934இல் தொடங்கியது. அதில் வென்றவர்கள் பெயர் பதிவில் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் அதைவிடக் கடினமான மலையில், நனைந்த உடுப்போடு, அடுத்தவர் உயிரைச் சுமந்து ஓட்டிய தோட்டத்து ட்ரைவர்களின் பெயர் பழைய செக்ரோல் பதிவேடுகளிலும், வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் ட்ரைவிங் லைசன்ஸ்களிலும்தான் இருக்கிறது. செக்ரோல்களைக் கறையான் தின்கிறது. அவற்றில் பெயர் உள்ளவர்களில் இன்று இருப்பவர்கள் மிகச் சிலர். உங்கள் அப்பாவோ தாத்தாவோ, அம்மாவின் மாமாவோ தோட்டத்தில் ஜீப் ஓட்டியவர், திருத்தியவர் என்றால், அவர் பெயர், தோட்டம், எந்த வண்டி, எந்த ஆண்டுகள் என்று இரண்டு வரி எழுதி, படம் இருந்தால் அதன் பிரதியோடு இந்தத் தொடருக்கு அனுப்புங்கள். அவர் இன்னும் இருக்கிறார் என்றால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள்.