தாமதம் யாருடையது? பரனூர் வழக்கும் முதல் தகவல் அறிக்கையின் எட்டாம் பத்தியும்

முதல் தகவல் அறிக்கைப் (எஃப்.ஐ.ஆர்.) படிவத்தின் எட்டாவது பத்தி, புகார்தாரர் தாமதமாக வந்திருந்தால் அதற்கான காரணத்தைக் கேட்கிறது. அவரை யாராவது தாமதப்படுத்தினார்களா என்று கேட்கும் பத்தி படிவத்தில் எங்கும் இல்லை. வன்முறைக்கு ஆளான பெண்களை நீதி அமைப்பு எப்படி நடத்துகிறது என்று கண்காணிக்கும் முயற்சிகளில் பெரும்பாலானவை இந்தப் படிவத்திலிருந்துதான் தொடங்குகின்றன. பாலியல் குற்ற வழக்குகளின் புலனாய்வு இரண்டு மாதத்துக்குள் முடிகிறதா என்று பார்க்க ஒன்றிய உள்துறை 2019-இல் கொண்டுவந்த கணினி வழிக் கண்காணிப்பு முறையும் எஃப்.ஐ.ஆர். பதிவான நாளிலிருந்தே எண்ணத் தொடங்குகிறது. அதற்கு முந்தைய நாட்கள் எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை.

அந்த நாட்களுக்கு ஆய்வுலகில் ஆயத்தமாக ஒரு விளக்கம் இருக்கிறது. பெண் அஞ்சினாள், மானத்துக்குப் பயந்தாள், வீட்டார் தடுத்தார்கள் என்பது அது. நீதிமன்றங்களும் இதே தடத்தில்தான் நடந்திருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் சென்ற துலியா காளி வழக்கில் (1972), தாமதமான புகாரில் ஜோடனை புகுந்துவிடும் என்ற சந்தேகம் வலுவாகப் பதிவானது. அது கொலை வழக்கு. ஆனாலும் பாலியல் வழக்குகளில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் இன்றும் கையில் எடுப்பது அதைத்தான். குர்மீத் சிங் வழக்கு (1996) பெண்ணின் பக்கம் நின்றது. குடும்ப மானம் கருதி ஒரு பெண் காவல் நிலையம் செல்லத் தயங்குவது இயல்பே, அதனால் தாமதத்தை அவளுக்கு எதிராகக் கொள்ளக் கூடாது என்றது. ஒன்று சந்தேகித்தது, மற்றொன்று பரிவு காட்டியது. தாமதத்தின் ஊற்று புகார்தாரரின் மனத்தில் இருக்கிறது என்பதில் மட்டும் இரண்டுக்கும் வேறுபாடில்லை. அந்தப் பொது நம்பிக்கையைத்தான் இக்கட்டுரை மறுக்கிறது.

மறுப்புக்கு ஆதாரமாகக் கிடைப்பது 2021-ஆம் ஆண்டின் ஒரு வழக்கு. அவ்வாண்டு பிப்ரவரி 21 அன்று, அப்போதைய முதலமைச்சரின் சுற்றுப்பயணப் பாதுகாப்புப் பணியின்போது, சிறப்பு டி.ஜி.பி. ராஜேஷ் தாஸ் தம் காரில் வைத்துப் பாலியல் தொல்லை கொடுத்தார் என்பது எஸ்.பி. நிலையில் இருந்த ஒரு பெண் ஐ.பி.எஸ். அதிகாரியின் புகார். மறுநாளே புகார் கொடுக்க அவர் சென்னைக்குக் கிளம்பினார். ஜி.எஸ்.டி. சாலையில், செங்கல்பட்டைத் தாண்டிச் சிங்கப்பெருமாள் கோவில் வருவதற்கு முன் இருக்கும் பரனூர் சுங்கச்சாவடியில் அவர் வண்டி மறிக்கப்பட்டது. மறித்தவர் அப்போதைய செங்கல்பட்டு எஸ்.பி.; கூடவே போலீஸ் படை. சிறப்பு டி.ஜி.பி.யிடம் போனில் பேசிவிட்டுப் போகச் சொல்லி வற்புறுத்தினார்கள். அந்த மாத இறுதியில்தான் சி.பி.சி.ஐ.டி. வழக்குப் பதிந்தது. மார்ச் 1 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தாமாக முன்வந்து வழக்கை எடுத்து, புலனாய்வை உயர் நீதிமன்றமே கண்காணிக்கும் என்றார்.

இதை வெற்றிக் கதையாகப் படிப்பதுதான் வழக்கம். அப்படிப் படிக்க ஆதாரமும் இருக்கிறது: ஜூலையில் குற்றப்பத்திரிகை, 2023 ஜூன் 16 அன்று விழுப்புரம் தலைமைக் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் ராஜேஷ் தாஸுக்கு மூன்றாண்டுச் சிறை, 2024 பிப்ரவரியில் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு தள்ளுபடி. நீதிமன்றம் கண் வைத்தால் காரியம் நடக்கும் என்பது இந்த வாசிப்பின் முடிவு. (அவ்வாண்டு மே மாதம், அவர் சரணடைவதிலிருந்து உச்ச நீதிமன்றம் இடைக்கால விலக்கு அளித்தது. ஆகவே தண்டனையை இறுதியானது என்று இக்கட்டுரை கொள்ளவில்லை. அதன் வாதம் தண்டனையைச் சார்ந்தும் இல்லை.)

இந்த வாசிப்பு பரனூரைக் கடந்து சென்றுவிடுகிறது. சுங்கச்சாவடிச் சம்பவம் அதற்கு ஒரு பரபரப்பான கிளைக்கதை மட்டுமே. கோப்பு காட்டுவது வேறு. சம்பவத்துக்கும் வழக்குப் பதிவுக்கும் இடையே சில நாட்கள் கழிந்தன. படிவத்தின் மூன்றாம் பத்தியில் உள்ள இரு தேதிகளையும் ஒப்பிடும் எந்தக் கண்காணிப்பாளருக்கும் அது புகார்தாரரின் தாமதமாகவே தெரியும். இவரோ மறுநாளே கிளம்பியவர். சட்டம் தெரிந்தவர், சீருடை அணிந்தவர், யாரிடம் போக வேண்டும் என்று வழி கேட்கத் தேவையில்லாதவர். அச்சம், அறியாமை, மானம், வீட்டார் தடை என்ற எந்த விளக்கமும் இங்கே பொருந்தவில்லை. அவர் வழியில் நின்றது காவல்துறை. அதற்கு இடமும் ஆளும் உண்டு. 2023 தீர்ப்பில் தண்டனையும் உண்டு.

அந்தத் தண்டனையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வழிமறித்த எஸ்.பி.க்கு விழுப்புரம் நீதிமன்றம் விதித்த அபராதம் 500 ரூபாய். இதை நீதிமன்றத்தின் தாராளம் என்று கேலி செய்வது எளிது, நியாயமில்லை. ஒருவரைச் சட்டவிரோதமாக வழிமறிப்பதற்கு 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 341-ஆம் பிரிவில், ஒரு மாதம் வரை வெறுங்காவலை, 500 ரூபாய் வரை அபராதத்தை அல்லது இரண்டையும்தான் வைத்திருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்த அபராதம் 5,000 ரூபாய் வரை. கனமான வேறொரு பிரிவும் இருந்தது: 2013-இல் சேர்க்கப்பட்ட 166ஏ. குறிப்பிட்ட பாலியல் குற்றங்களில் தகவலைப் பதிய மறுக்கும் அரசு ஊழியருக்கு ஆறு மாதத்துக்குக் குறையாத கடுங்காவல். ஆனால் அது காவல் நிலைய மேசையில் நடக்கும் மறுப்புக்கானது. நிலையத்துக்குப் போகும் வழியில் மறிப்பவர் அதற்குள் வரமாட்டார். புகாரைத் தடுப்பது என்ற குற்றத்தைச் சட்டம் மேசையருகே மட்டுமே அடையாளம் காண்கிறது. சாலையில் நடந்தால் அது வழிப்போக்கரை மறித்த சில்லறைக் குற்றமாகச் சுருங்கிவிடுகிறது.

ஓர் ஐ.பி.எஸ். அதிகாரியின் அனுபவத்தைச் சாதாரணப் பெண்களுக்குப் பொதுமைப்படுத்தலாமா என்ற ஆட்சேபம் வரும். மார்ச் 1 உத்தரவிலேயே இதற்கு விடை உண்டு. எஸ்.பி. நிலையிலுள்ள பெண்ணுக்கே இது நடக்குமென்றால், கீழ்நிலைப் பெண் காவலர்களின் கதி என்ன என்று நீதிபதி கேட்டார். அதை உணர்ச்சி வேகத்தில் வந்த வரியாக எடுத்துக்கொள்வது தவறு. படிநிலையில் கீழே போகப் போகத் தடை கூடும் என்பது சோதித்துப் பார்க்கக்கூடிய கருதுகோள். நீதிமன்றக் கண்காணிப்பு குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமையைப் பாதிக்கும் என்ற இன்னொரு ஆட்சேபம் இக்கட்டுரைக்குப் பொருந்தாது. இங்கே கேட்கப்படுவது காவல்துறையின் நேரக்கணக்கு மட்டுமே.

அந்த நேரக்கணக்கு எங்கே கிடைக்கும்? தமிழ்நாட்டில் அதைக் காட்டக்கூடிய ஒரு பதிவேடு இருக்கிறது, ஆய்வாளர்கள் அதிகம் திறந்து பார்க்காதது. காவல் நிலையத்தில் மனுக் கொடுக்கும் பெண்ணின் கைக்கு முதலில் வருவது சி.எஸ்.ஆர். (சமுதாய சேவைப் பதிவேடு) ரசீதுதான். “ரசீது போட்டாச்சும்மா, கூப்பிடுறோம்” என்பார்கள். பிறகு “ரெண்டு பேரையும் வரச் சொல்லிப் பேசிடலாம்.” 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிய அனைத்து மகளிர் காவல் நிலையங்களிலும் இந்தப் பேச்சுவார்த்தைதான் பெரும்பொழுது. லலிதா குமாரி தீர்ப்பு (2013) பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றங்களில் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்றது. அதே தீர்ப்பு குடும்பத் தகராறுகளில் முதல்நிலை விசாரணைக்கு ஒரு கதவைத் திறந்தும் வைத்தது. அந்தக் கதவு வழியாக எத்தனை அடிதடி வழக்குகள் ‘தகராறு’ ஆகின்றன என்பது சி.எஸ்.ஆர். எண்ணையும் எஃப்.ஐ.ஆர். எண்ணையும் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். காவல் நிலையங்களில் கேமரா கட்டாயம், பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் ஆணையிட்டிருக்கிறது. பெண் நிலையத்துக்குள் நுழைந்த நேரம், ரசீது போட்ட நேரம், வழக்குப் பதிந்த நேரம் மூன்றையும் ஒப்பிடுவதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம்.

ரகசியம் காக்கப்படாதே என்பது மெய்யான கவலை. பொள்ளாச்சி பாலியல் வழக்கில் 2019-இல் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை அரசாணையே வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழக வழக்கில் 2024 டிசம்பரில் எஃப்.ஐ.ஆர். கசிந்தது. இரண்டிலும் தலா 25 லட்சம் ரூபாய் வழங்க அரசுக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பெயரை நீக்கிவிட்டு நேரத்தை மட்டும் எடுக்கும் கண்காணிப்பில் இந்த ஆபத்து மிகக் குறைவு.

குற்றவாளிகளைத் தாண்டி அதிகாரிகளையும் கணக்கில் எடுத்ததற்கு முன்னுதாரணமாக வாச்சாத்தியை இங்கே ஒருமுறை நினைக்கலாம். 1992 ஜூன் 20 அன்று அந்தப் பழங்குடிக் கிராமத்தில் அரசுப் பணியாளர்கள் நடத்திய கொடுமை சி.பி.ஐ. கைக்குப் போனது 1995-இல், தண்டனை 2011-இல். 2023 செப்டம்பரில் தண்டனைகளை உறுதிசெய்த நீதிபதி பி. வேல்முருகன், அன்றைய ஆட்சியர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை கோரினார். குற்றத்தைச் செய்தவர்களோடு நில்லாமல், கண்டும் செயல்படாதவர்களையும் கணக்கில் எடுத்த தீர்ப்பு அது. அதற்கு 31 ஆண்டுகள் ஆயின.

பரனூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வந்து மேற்கே திரும்பினால் ஒரகடம். அங்கிருந்து படப்பைச் சாலையில் சேரப்பணஞ்சேரி. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் விடுதிக்குத் திரும்பும் பெண்களின் வட்டாரம் இது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்படி (2013) அந்த பஸ்ஸும் பணியிடமே. ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளியின் புகார் போலீஸை எட்டுமுன் லைன் சூப்பர்வைசர், ஒப்பந்தக்காரரின் ஆள், விடுதி வார்டன், எச்.ஆர். என்று பல கைகள் மாற வாய்ப்புண்டு. ஒவ்வொரு கையும் ஒரு சிறு பரனூராகலாம், சி.எஸ்.ஆர். பதிவேட்டில்கூட அது விழாது.

அச்சட்டத்தின் 9-ஆம் பிரிவு, சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும் என்கிறது. அப்பெண்ணால் அதற்குள் வர முடியாத சூழ்நிலை இருந்ததாக உள்ளகப் புகார்க் குழு கருதினால், காரணத்தை எழுத்தில் பதிந்து மேலும் மூன்று மாதம் தரலாம். எட்டாம் பத்தி வேறு உருவில் இங்கே வந்து நிற்கிறது. காரணத்தை எழுதும் குழுவை அமைப்பது முதலாளி. ஆண்டறிக்கையில் அக்குழு தர வேண்டியவற்றை விதிகள் வரிசைப்படுத்துகின்றன: வந்த புகார்கள், முடிந்தவை, 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் உள்ளவை, நடத்திய பயிலரங்குகள், எடுத்த நடவடிக்கையின் தன்மை. காலக்கெடு நீட்டிப்புக் கேட்டவர்கள் எத்தனை பேர், அவர்களை அதுவரை வரவிடாமல் செய்தது யார் என்ற கேள்விகள் அந்த வரிசையில் இல்லை.