காய்ச்சல் வராத மலேரியா: ஒரு கருத்து பிறந்த கதை

1899-ஆம் ஆண்டு முடியும் தறுவாயில் ராபர்ட் காக் ஜெர்மன் நியூ கினியின் ஸ்டெஃபான்ஸோர்ட்டுக்கு வந்தார். காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தவர் என்று அதற்குள் உலகப்புகழ் பெற்றுவிட்டவர். மலேரியா ஒட்டுண்ணியை லாவரன் 1880-இல் அல்ஜீரியாவில் ரத்தத்தில் பார்த்திருந்தார். ரொனால்ட் ராஸ் 1897-இல் செகந்தராபாத்தில் அதைக் கொசுவின் வயிற்றுச் சுவரில் பார்த்திருந்தார். காக்கின் மனதைக் குடைந்தது வேறொரு கேள்வி. ஆண்டு முழுக்கக் கொசுக்கடி படும் ஊரில், வந்தேறிகள் சுருண்டு விழ, உள்ளூர்ப் பெரியவர்கள் மட்டும் எப்படி வேலை வெட்டி பார்க்கிறார்கள்?

விடை காண அவர் நோயாளிகளோடு நிற்கவில்லை. நன்றாக நடமாடியவர்களின் ரத்தத்தையும் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். சிறு குழந்தைகளின் ரத்தத்தில் ஒட்டுண்ணி மலிந்து கிடந்தது. வயது ஏற ஏறக் குறைந்தது. பெரியவர்களிடம் ஏறக்குறைய இல்லவே இல்லை. அதே ஊருக்குக் கூலி வேலைக்குப் புதிதாக வந்தவர்களோ, வளர்ந்த ஆட்களாயினும் காய்ச்சலில் படுத்தார்கள். அவர் ஆராய்ந்த இன்னொரு ஊரான ஜாவாவின் அம்பராவாவில் மலேரியா குறைவு; அங்கே பெரியவர் சிறியவர் என்ற வேறுபாடே தெரியவில்லை. வயதோ இனமோ காரணமில்லை, திரும்பத் திரும்பத் தொற்றுப் பட்ட உடம்பு அதைத் தாங்கக் கற்றுக்கொள்கிறது என்ற முடிவுக்கு காக் வந்தார். காய்ச்சல் இல்லாமல் ஓடியாடும் குழந்தையிடமிருந்துதான் கொசு ஒட்டுண்ணியை எடுத்துச் செல்கிறது என்பதையும் உணர்ந்தார். அதனால் ஒட்டுண்ணி இருந்த எல்லோருக்கும், காய்ச்சல் இருக்கிறதோ இல்லையோ, குயினைன் மருந்து கொடுத்தார்.

அடுத்த படி அல்ஜீரியாவில். அங்குள்ள பாஸ்டர் நிறுவனத்தில் எட்மண்ட், எட்டியென் செர்ஜான் சகோதரர்களும் சகாக்களும் மலேரியா ஒட்டுண்ணியைப் போலவே மாடுகளின் ரத்தத்தில் வாழும் ஒட்டுண்ணிகளை ஆராய்ந்தார்கள். பெரியம்மை ஒருமுறை வந்து போனால் கிருமியும் போய்விடும், பாதுகாப்பு மட்டும் நிற்கும். இங்கே கதை வேறு: உடம்பில் கொஞ்சம் தொற்று தங்கியிருக்கும் வரைதான் பாதுகாப்பும் இருக்கிறது. இந்த நிலையை 1924-இல் அவர்கள் ‘பிரிமுனிஷன்’ என்றார்கள். ஒட்டுண்ணியை விரட்டாமல், அடக்கி வைத்து அதோடு குடித்தனம் நடத்துகிறது உடல்.

உடல் அப்படி அடக்கி வைப்பது எதனால்? பதில் காம்பியாவில் கிடைத்தது. ஃபஜாராவில் இருந்த பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுமக் கூடத்தில் இயன் மெக்ரெகர் பல ஆண்டுகளாகக் கிராமத்துக் குழந்தைகளைக் கவனித்துவந்தார். காம்பியப் பெரியவர்களின் ரத்தத்தில் காமா குளோபுலின் என்ற புரதம் ஐரோப்பியர்களைவிட மிக அதிகம். அவரும் சிட்னி கோயனும் காரிங்டனும் அதை மட்டும் பிரித்தெடுத்து, கடும் மலேரியாவில் கிடந்த குழந்தைகளுக்கு ஊசியில் ஏற்றினார்கள். சில நாட்களில் ஒட்டுண்ணி சரசரவென்று குறைந்தது, காய்ச்சலும் தணிந்தது. மலேரியாவையே அறியாத பிரிட்டிஷ்காரர்களின் காமா குளோபுலினை ஏற்றியபோது பலனில்லை. முடிவுகள் 1961-இல் வெளியாயின. பெரியவர்களைக் காத்தது அவர்கள் ரத்தத்தில் இருந்த எதிர்ப்பொருள்தான் என்பது அன்று உறுதியானது.

முப்பது ஆண்டு கழித்து, 1991-இல், வேறு ஆய்வாளர்கள் ஐவரி கோஸ்ட் பெரியவர்களின் எதிர்ப்பொருளைத் தாய்லாந்து நோயாளிகளுக்கு ஏற்றினார்கள். ஆப்பிரிக்காவில் உருவான அது ஆசிய ஒட்டுண்ணியையும் குறைத்தது. ஆனால் ஆய்வகக் குடுவையில் எதிர்ப்பொருள் தனியாக ஒட்டுண்ணியைச் சாய்க்கவில்லை. ரத்தத்தின் மோனோசைட் வெள்ளணுக்கள் உடனிருந்தபோதுதான் வேலை நடந்தது.

இது கதையின் ஒரு பாதி. மறு பாதி காய்ச்சலைப் பற்றியது. ஒட்டுண்ணிகள் பெருகிச் சிவப்பணுக்கள் வெடிக்கும்போது, அதற்கு உடம்பே சுரக்கும் அழற்சிப் பொருட்கள்தான் குளிரையும் காய்ச்சலையும் கிளப்புகின்றன. அடிக்கடி தொற்றுப் பட்டவர்களின் டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் ஐஎல்-10 என்ற அடக்கும் பொருளையும் சேர்த்துச் சுரக்கின்றன. அதே ஒட்டுண்ணி உள்ளே இருந்தும் உடம்பு அலறாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காக்கின் கணக்கில் ஒரு திருத்தமும் வந்தது. பெரியவர்களிடம் ஒட்டுண்ணி இல்லை என்பது நுண்ணோக்கி சொன்ன சேதி. மரபணுவைப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் வந்த பிறகு, அவர்களில் பலரிடமும் அது மிகச் சிறிய அளவில் இருப்பது தெரிந்தது. இந்தோனேசியப் பாப்புவாவில் விபத்தில் அடிபட்டு மண்ணீரல் அகற்றப்பட்டவர்களை ஆராய்ந்தபோது, அறிகுறியற்றவர்களின் ஒட்டுண்ணிகளில் பெரும்பகுதி அந்த மண்ணீரலிலேயே பதுங்கியிருந்தது.

இந்தப் பாதுகாப்பு வருவதற்கும் போவதற்கும் விலை உண்டு. ஊரைவிட்டு வெளிநாடு போய்ச் சில ஆண்டு இருந்து திரும்பினால், பழைய தெம்பு குறைந்து காய்ச்சல் மறுபடி அடிக்கும். வருவதற்கான விலை இன்னும் கொடியது: ஆப்பிரிக்காவில் மலேரியாவால் சாகிறவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். தாங்கக் கற்றுக்கொள்வதற்குள் உயிரை விட்டவர்கள் அவர்கள்.

விலை கொடுக்காமல் பாதுகாப்பைத் தரத்தான் தடுப்பூசி. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்த ஆர்டிஎஸ்,எஸ், 2023-இல் பரிந்துரைத்த ஆர்21 இரண்டும் ஒட்டுண்ணி ரத்தத்துக்கு வருவதற்கு முந்தைய வடிவத்தைத் தாக்குகின்றன. காம்பியப் பெரியவர்களின் ரத்தத்தில் இருந்த வித்தை வேறு. மலேரியாவின் கொடிய வகையை உண்டாக்கும் ஃபால்சிபரம் ஒட்டுண்ணியிடம் சுமார் 60 ‘வார்’ மரபணுக்கள் உண்டு. தான் புகுந்த சிவப்பணுவின் மேல் காட்டும் புரதத்தை அவற்றைக் கொண்டு அது மாற்றிக்கொண்டே இருக்கும். கிராமத்துப் பெரியவர் அந்த வேடங்களை ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பழகியவர். அந்தப் பழக்கத்தை ஒரு குப்பிக்குள் அடைப்பது எப்படி என்பதுதான் 1961 முதல் ஆய்வாளர்கள் முன் நிற்கும் கணக்கு.