தேக்கு இருந்தும் தரையில் பாவாதவர்கள்

விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சி போகும் வழியில் உள்ள மண்டகப்பட்டில் ஒரு குடைவரைக் கோயில் இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்தது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்கு இதை எடுத்ததாக அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு பெருமை பேசுகிறது. எதையெல்லாம் தவிர்த்தேன் என்று ஓர் அரசன் பட்டியல் போடுகிறான் என்றால், அதுவரை கோயில்கள் அவற்றால்தான் எழும்பின என்றே கொள்ள வேண்டும். அந்த மரக்கட்டடங்கள் நமக்கு வந்து சேரவில்லை. கல் வந்து சேர்ந்திருக்கிறது. வல்லம், திண்டிவனம் பக்கம் சொந்த வீட்டுக்கு அளவெடுத்து மரத்தரை போட நினைப்பவர் கணக்கை இங்கிருந்து தொடங்கலாம். மரத்தை எங்கே வைத்தால் நிற்கும் என்பதற்கு இந்த மண்ணில் நீண்ட அனுபவம் உண்டு. தரை அந்த இடங்களில் ஒன்றல்ல என்பதே அந்த அனுபவத்தின் முடிவு.

பழைய வீட்டில் மரம் நிலையாக, கதவாக, தூணாக, உத்தரமாக நின்றது. காலுக்குக் கீழே சாணம் மெழுகிய மண்; வசதி இருந்தால் செங்கல், சுண்ணாம்பு, கருங்கல். பின்னாளில் சிவப்புச் சிமெண்டும் மொசைக்கும் வந்தன. பக்கத்துப் புதுச்சேரியின் மாடி வீடுகள் இதைவிடத் தெளிவான சாட்சி. ‘மெட்ராஸ் டெரஸ்’ முறையில் மரக்கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, அவற்றின்மேல் சிறு செங்கல்லைச் செங்குத்தாகச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லி கலந்த சுண்ணாம்பைக் கெட்டித்தார்கள். பாரம் முழுவதையும் மரமே தாங்கியது. மிதிபட்டதும் நனைந்ததும் செங்கல்லும் சுண்ணாம்பும்தான்.

காடில்லாத சமவெளி, மரத்துக்கு விலை அதிகம், அதனால்தான் தரையில் போடவில்லை என்று ஒருவர் வாதிடலாம். ஏழை வீட்டுக்கு அது பொருந்தும். செட்டிநாட்டுக்குப் பொருந்தாது. பர்மாவில் தொழில் செய்த நகரத்தார் அங்கிருந்து தேக்கைக் கப்பலில் கொண்டுவந்து தூண்களையும் கதவுகளையும் மேற்கூரைகளையும் இழைத்தார்கள். அதே வீடுகளின் தரையில் ஆத்தங்குடிக் கல்லும் இத்தாலியச் சலவைக்கல்லும் கிடக்கின்றன. மரம் கைக்கெட்டியவர்களே அதைக் காலுக்குக் கீழே போடவில்லை என்றால், காரணம் காசல்ல. மரவேலைக்கே பெயர்பெற்ற பத்மநாபபுரம் அரண்மனையிலும் பார்ப்பவரை நிறுத்துவது கண்ணாடிபோல மின்னும் கருந்தரை. சுண்ணாம்பும் எரித்த தேங்காய்ச் சிரட்டைக் கரியும் முட்டை வெண்கருவும் சேர்த்து அது செய்யப்பட்டதாகச் சொல்கிறார்கள்.

காரணம் மரத்தின் இயல்பிலேயே இருக்கிறது. வெட்டி உலர்த்திய பிறகும் அது காற்றின் ஈரத்தை வாங்கும், விடும். நீளவாக்கில் அசைவு அற்பம்; அகலவாக்கில்தான் விரிந்து சுருங்கும். அசைவு குறைந்த மரம் என்று பெயரெடுத்த தேக்கிலேயே, சாதாரணமாக அறுத்த 100 மில்லிமீட்டர் அகலப் பலகையின் ஈரப்பதம் 4 சதவீதப் புள்ளி மாறினால் ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டர் அசைவு இருக்கும். நான்கு மீட்டர் அகல அறையில் அத்தகைய 40 பலகைகள் பிடிக்கும். கூட்டினால் சுமார் 3 சென்டிமீட்டர். சித்திரைக் கத்திரியில் பலகைகளுக்கு நடுவே கோடு விழுவதும், ஐப்பசி மழையில் அவை ஒன்றையொன்று நெருக்குவதும் எப்போதும் தச்சர் செய்த பிழையாகாது. இதோடு கரையானும் உண்டு. பொங்கலுக்கும் வெள்ளிக்கிழமைக்கும் தண்ணீர் ஊற்றி வீட்டைக் கழுவும் நம் வழக்கமும் உண்டு.

இன்று மெருகுப்பூச்சும், அடுக்கடுக்காக ஒட்டிய எஞ்சினியர்டு பலகையும், ஏசியும் வந்துவிட்டனவே என்பது நியாயமான கேள்வி. ஒட்டுப்பலகை அசைவைக் கணிசமாகக் குறைக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் அதன் மேலடுக்கு மெல்லியது. சில மில்லிமீட்டர்தான் என்றால் ஓரிரு முறைக்குமேல் இழைத்துப் புதுப்பிக்க முடியாது. முழுப்பலகையை அதைவிடப் பல முறை இழைக்கலாம். பூச்சு ஈரத்தைத் தாமதப்படுத்தும், தடுத்துவிடாது. இரவில் மட்டும் ஓடும் ஏசி அறையின் ஈரத்தை நாள்தோறும் ஏற்றி இறக்குகிறது.

அதற்காக ஆசையைக் கைவிட வேண்டியதில்லை. இடத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். மாடிப் படுக்கையறையிலோ படிப்பறையிலோ போடுங்கள். கூடத்திலும் அடுப்படியிலும் பூஜையறையிலும் வேண்டாம். மரம் உலர்ந்ததா என்பதை ஈரமானி வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். தளத்துச் சிமெண்டு நன்றாகக் காயும்வரை பொறுங்கள். சுவரோரம் இடைவெளி விடச் சொல்லுங்கள். கோடும் கீறலும் நிறமாற்றமும் வரும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மெருகுச் செலவும் வரும். இதற்குச் சம்மதம் என்றால் மரத்தரை போடலாம். இல்லையென்றால் ஆத்தங்குடிக் கல்லே போதும்.